காளியப்பன் போட்ட மேட்டுப்பாதை

டிராக்டர் ஏறிப்போன மேட்டுப்பாதையில், மழை விட்ட பிறகு நீங்கள் எப்போதாவது நடந்திருக்கிறீர்களா?

நடந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டாம். நடக்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது பாதை இல்லை, இரண்டு வாய்க்கால். முழங்கால் ஆழம் இருக்கும். இரும்புச் சக்கரத்தின் பற்கள் மண்ணைக் கடித்துக் கடித்துத் தோண்டியிருக்கும். பள்ளத்தின் பக்கச் சுவர் ஈரக்கையால் தேய்த்துவிட்ட பானை போல வழவழவென்று இருக்கும். நடுவில் மட்டும் மண் திட்டு எருமை முதுகு மாதிரி எழும்பி நிற்கும். மேலே பெய்கிற மழையெல்லாம் அந்த இரண்டு பள்ளத்துக்குள் விழுந்து, வேறு போக்கிடம் இல்லாமல், அடியை இன்னும் அறுத்துக்கொண்டு கீழே ஓடும்.

மலாயாவில், குளுவாங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில் மேல் பிரிவுக்குப் போக அந்த ஒரு மேடுதான் வழி. பால் வடிக்கும் ரப்பர் மரங்களும் ஆட்கள் குடியிருந்த லயங்களும் மாட்டுக் கொட்டகையும் மேலே. ஆலை, ஆபீசு, பெரிய ரோடு எல்லாம் கீழே. நான் மேல் பிரிவில் சாமான் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்வெட்டி கொடுப்பது, திரும்ப வாங்குவது, பிடி கழன்றிருந்தால் ஆப்பு அடிப்பது. ரப்பர் விலை விழுந்த வருசங்களில் ஆட்களை மந்தை மந்தையாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். என் அண்ணன் குடும்பமும் போனது. நான் போகவில்லை. போயிருக்கலாம் என்று பிறகு நினைத்திருக்கிறேன்.

விலை திரும்ப ஏறியபோது தோட்டத்தில் ஆள் இல்லை. ஆளைக் கூப்பிடுவதற்குப் பதிலாகக் கம்பெனி ஒரு டிராக்டரை வாங்கியது. அது வந்ததும் வண்டி மாடுகளை ஜோடி ஜோடியாக விற்றார்கள். வாங்கியவன் குளுவாங் கறிக்கடைக் குத்தகைக்காரன். கடைசியில் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. செவலை, மயிலை. காளியப்பன் ஓட்டிய ஜோடி.

காளியப்பனுக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குள்ளம். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், ஆளின் காலைப் பார்ப்பார். மாட்டைப் பார்த்துப் பழகிய பழக்கம். மனைவி காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. லயத்தில் அவருக்கு வீடு இருந்தது, ஆனால் மாட்டுக் கொட்டகையில்தான் படுத்துக்கொள்வார். என் அறை கொட்டகைக்கு அடுத்தது. இரவில் அவர் மாடுகளோடு பேசுவது எனக்குக் கேட்கும். எனக்கும் பேச ஆள் இல்லாததால் சில சமயம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

டிராக்டர் ஓட்ட சிங்கப்பூரிலிருந்து அர்ச்சுனன் என்ற பையன் வந்திருந்தான். தொப்பி போட்டிருப்பான். வந்த நாளிலிருந்து காளியப்பனைச் சீண்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு.

"என் மாட்டுக்குப் புல்லு வேணாம்ணே, எண்ணெ போதும். சாணி அள்ளுற வேலையும் இல்ல."

"உன் மாடு சாணி போடாதுடா. குழி போடும். மேட்ட வந்து பாரு," என்றார் காளியப்பன்.

குழி போட்டதுதான். மழைக்காலம் தொடங்கி இரண்டு வாரத்தில் டிராக்டர் தன் பள்ளத்திலேயே வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் கீழே போனது. "அலமாக்!" என்று அர்ச்சுனன் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டான். பலகை போட்டு, கயிறு கட்டி, ஆள் சேர்ந்து இழுத்து, ஒருநாள் முழுக்க அதற்கே போனது. அப்புறம் பாதையை அடைக்கச் சொன்னார்கள். அளந்து விட்ட வேலை. முடித்தால் வீட்டுக்குப் போகலாம். ஆட்கள் ரப்பர்க் கிளையையும் காட்டுப் பெரணியையும் பள்ளத்தில் திணித்து, மேலே ஈரமண்ணை வாரிப் பூசிவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போனார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அன்றைய மழைக்கு எல்லாம் கூழாகிவிட்டது.

டிராக்டர் நின்றதால் ரப்பர்ப் பாலை ஆலைக்கு இறக்கக் காளியப்பன் வண்டியைக் கட்டச் சொன்னார்கள். மாட்டு வண்டியின் சக்கர அகலம் வேறு, டிராக்டரின் அகலம் வேறு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, ஒன்று நடுத்திட்டின் மேல் ஏறியது. வண்டி சாய்ந்து, பால் பீப்பாய் உருண்டு, பாதை முழுக்க வெள்ளையாக ஓடியது. செவலை முன்னங்கால் மடங்கி விழுந்தது. காளியப்பன் பாலைப் பார்க்கவில்லை. நுகத்தடியை அவிழ்த்து, மாட்டின் காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தார். கூடவே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். குடை பிடிப்பதும் துரை சொல்வதைத் தமிழில் சொல்வதும் அவர் வேலை. துரை பாலைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், இங்கிலீசில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

காளியப்பன் எழுந்து நின்றார். "ஐயா, நான் போடுறேன் பாதைய. எனக்கு நாலு ஆளு கொடுங்க. மழையில வண்டி ஏறும். மாட்ட மட்டும் கொடுத்துடாதீங்க."

கிராணி சொன்னார். துரை கேட்டுக்கொண்டு, பதிலுக்கு ஒரே ஒரு வரி சொன்னார்.

"முதல்ல பாதையைச் சரியாப் போடட்டாம். மாட்டு விசயம் பிறகு பாக்கலாமாம்," என்றார் கிராணி.

அப்போதுதான் அது நடந்தது. துரை தன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தார். உரித்தார். செவலையின் வாய்க்குள் கையை விட்டு ஊட்டினார். அதன் தாடையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் காளியப்பன் என் கொட்டகைக்கு வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"பாத்தீல்ல தம்பி? ஊட்டிட்டாரு."

"பழந்தானே அண்ணே."

"பழந்தானேன்னு சொல்லாத. எங்க பக்கம் சந்தையில மாடு வாங்குறவன் கையால ஒரு வாய் ஊட்டணும். ஊட்டலன்னா கயித்தக் கொடுக்க மாட்டோம். ஊட்டினவன் அந்த மாட்டக் கறிக்கு விக்க மாட்டான். அது சத்தியம் மாதிரி. பேச்சு மாறலாம், கை மாறாது."

"துரைக்கு இதெல்லாம் தெரியுமா?"

"இத்தன வருசம் நம்ம ஆளுங்களோட இருக்காரு. தெரியாமலா வாய்க்குள்ள கைய விடுவாரு?"

நல்ல மண்வெட்டிகளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து வேலை ஆரம்பித்தது. காளியப்பன் முதலில் எதையும் அடைக்க விடவில்லை. பள்ளத்திலிருந்து சரிவுப் பக்கமாகக் குறுக்கே வெட்டி, நின்ற தண்ணீரை வடியவிட்டார். அது வடிந்ததும் வழவழப்பான பக்கச் சுவர்களைக் கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்கச் சொன்னார்.

ஆட்களில் அங்கம்மா என்று ஒருத்தி. வாய் சும்மா இருக்காது. "என்னண்ணே இது? குழிய மூடச் சொன்னா இன்னும் பெருசாத் தோண்டுறீங்க? மாட்ட உள்ள வச்சுப் புதைக்கவா?"

"வழவழப்புல புது மண்ணு ஒட்டாது புள்ள. பானைக்குள்ள பானை வச்ச மாதிரி தனித்தனியா நிக்கும். மழ வந்தா கெளம்பிடும்."

கூழான மண்ணையும் அழுகிய கிளைகளையும் வாரி வெளியே போட்டோம். போட்டோம் என்கிறேன், ஏனென்றால் மத்தியானங்களில் நானும் போய் வேலை செய்தேன். அதற்கு எனக்குப் பேர் போடவில்லை, கூலியும் கிடையாது. தனியாகக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பதைவிட அது நன்றாக இருந்தது.

ஓடைக்கரையிலிருந்து செம்மண் சரளையை வண்டியில் ஏற்றி வந்தது செவலையும் மயிலையும்தான். ஒரு சாண் கொட்டுவது, திமிசுக்கட்டையால் இடிப்பது, கட்டை திரும்பத் துள்ளுகிற வரைக்கும் இடிப்பது, அப்புறம் அடுத்த சாண். கூர்க்கல் கண்ணில் பட்டால் காளியப்பன் உட்கார்ந்து கையால் பொறுக்கி வெளியே எறிவார். மாட்டின் குளம்பு பிளவில் மாட்டிக்கொள்ளுமாம். அதனால் வேலை மெதுவாக நடந்தது. நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் சாய்த்தார். சரிவில், இருபது இருபத்தைந்து எட்டுக்கு ஒரு தடவை, காட்டு வைரமரக் கட்டை ஒன்றைச் சாய்வாகப் பாதைக்குக் குறுக்கே பாதி புதைத்து, அதன் மேல்பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் இழுத்தார். மேலேயிருந்து வருகிற தண்ணீர் கட்டையில் முட்டி, திரும்பி, காட்டுக்குள் போய்விடும்.

ஒருநாள் வெற்றிலை போட்டுக்கொண்டே அங்கம்மா கேட்டாள். "ஏண்ணே, இவ்வளவு கெட்டியாப் போடுறீங்களே. வண்டிதான் ஏறுமா? அந்தப் பல்லு வண்டி ஏறாதா?"

எல்லோரும் காளியப்பனைப் பார்த்தோம். அதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"ஏறட்டும்," என்றார் காளியப்பன். "அதுக்கு அது வேல, இதுக்கு இது வேல."

"வேல ஒண்ணுதான் இருக்கு, மேட்டு மேல பாலு. ரெண்டு பேரு எப்படி அத எறக்குவீங்க? அர்ச்சுனன் ஒரு கையி, நீங்க ஒரு கையி புடிச்சுக்குவீங்களா?"

ஆட்கள் சிரித்தார்கள். காளியப்பன் சிரிக்கவில்லை. "கையால ஊட்டினவரு அவரு," என்று சொல்லிவிட்டு இடிக்க ஆரம்பித்தார்.

பாதை முடிந்தது. பிறகு மழை அடித்தது பாருங்கள், வானத்தைக் கிழித்துக் கொட்டின மாதிரி. நாங்கள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தோம். தண்ணீர் கட்டைக்குக் கட்டை திரும்பிக் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாதையில் காலை வைத்தால் கால் நின்றது. அடுத்த சில வாரங்கள் காளியப்பன் மழையிலேயே பாலை இறக்கினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மாட்டின் கழுத்து மணிச் சத்தம் கேட்டால் லயத்துப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த வாரங்களில் இரவில் கொட்டகையிலிருந்து அவர் பாடுவதுகூட எனக்குக் கேட்டது. கர்ணகடூரமான குரல்.

ஒருநாள் காலை துரை மேட்டுக்கு அடியில் வந்து நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. கையைக் காட்டினார். அர்ச்சுனன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தான். பின்வண்டி நிறைய கல். மேட்டில் ஏறியது. கட்டையில் ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கு, அவ்வளவுதான். உச்சிக்குப் போய்த் திரும்பி, அதே பாரத்தோடு கீழே வந்து நின்றது. பாதையில் சக்கரப் பற்களின் தடம் ஒரு விரல் ஆழம்கூட இல்லை.

அர்ச்சுனன் குதித்து இறங்கினான். மனதாரச் சொன்னான், அதில் கேலி இல்லை. "தார் ரோடு மாதிரி இருக்குலாண்ணே! சிங்கப்பூர்லகூட இப்படி ரோட்ட நான் பாத்ததில்ல."

காளியப்பன் அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். காளியப்பன் பக்கமாக வந்தபோது நின்று, அவருக்குத் தெரிந்த தமிழில், "நல்ல பாதை. ரொம்ப நல்ல பாதை," என்றார். போய்விட்டார். அன்று கால்சட்டைப் பையில் கையை விடவில்லை.

அன்று மத்தியானம் கிராணி மேல் பிரிவுக்கு நடந்து வந்தார். குடையை மடக்கி மாட்டுக் கொட்டகைத் தூணில் சாய்த்தார். நான் கடப்பாரைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். காளியப்பன் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார்.

"காளியப்பன், நாளைக்குக் குளுவாங்கிலிருந்து ஆக்கள் வருவினம். மாட்டைக் குளிப்பாட்டி வச்சிரு."

"எந்த ஆளுங்க?"

"உனக்குத் தெரியாதோ? முந்தி வந்த அதே ஆக்கள்தான்."

காளியப்பன் வைக்கோலைக் கீழே வைத்தார். "தொர ஊட்டினாரு கிராணி. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. வாய்க்குள்ள கைய விட்டு ஊட்டினாரு."

கிராணிக்கு முதலில் விளங்கவில்லை. நான்தான் சந்தை வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் அன்று அவருக்குக் களைப்பாக இருந்திருக்க வேண்டும்.

"இஞ்ச பார் காளியப்பன். துரை பங்களாவில கோழி வளக்கிறவர். தினமும் காலமை தன்ரை கையாலதான் தீனி குடுக்கிறவர். மத்தியானம் அதைத்தான் கறியாச் சாப்பிடுறவர். விளங்குதோ?"

"கோழிக்கு ஊட்ட மாட்டாங்க," என்றார் காளியப்பன் மெதுவாக. "வீசுவாங்க."

கிராணி குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் மறுபடியும் மழை பிடித்தது. அந்த வருசத்தின் பெரிய மழைகளில் ஒன்று. அங்கம்மா தலையில் கோணிப்பையோடு கொட்டகைக்கு ஓடி வந்தாள். விசயம் லயத்துக்கு எட்டியிருந்தது.

"அண்ணே, கடப்பாரைய எடுங்க. மேல இருக்குற மூணு கட்டையத் தூக்கிட்டாப் போதும். இந்த மழைக்கு விடியறதுக்குள்ள பாத போயிரும். கீழேர்ந்து எதுவும் ஏறாது. பாலு எறக்க ஒங்க மாட்டக் கூப்பிட்டுத்தான் ஆகணும்." என் பக்கம் திரும்பினாள். "வேலண்ணே, நீங்களும் வாங்க. நாலு பேரு கூட வரேன்னு சொல்றாங்க."

நான் எழுந்துவிட்டேன். அது நடக்கும் என்று எனக்கும் தோன்றியது. வருசக்கணக்கில் எனக்கு அப்படி ஒன்றும் தோன்றியதில்லை. காளியப்பனும் எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த மண்வெட்டியை எடுத்தார். கடப்பாரையை எடுக்கவில்லை.

மேட்டின் தலைக்குப் போனோம். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முதல் கட்டையின் வாய்க்காலில் ரப்பர் இலை வந்து அடைத்திருந்தது. தண்ணீர் திரும்ப வழியில்லாமல் கட்டையின் மேல் எகிறிப் பாதையில் ஓட ஆரம்பித்திருந்தது. அப்படியே விட்டாலே போதும். தூக்கக்கூட வேண்டாம்.

"விடுங்கண்ணே," என்றாள் அங்கம்மா. "அதுவே போயிரும். நாம ஒண்ணும் செய்யல, மழ செஞ்சுது. யாரு கேப்பா?"

காளியப்பன் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை வாய்க்காலுக்குள் விட்டு, அடைத்திருந்த இலையை வாரி வெளியே போட்டார். தண்ணீர் ஒரு தடவை சுழன்று, திரும்பி, காட்டுக்குள் போனது.

"அண்ணே! பைத்தியமா ஒங்களுக்கு?"

அவர் அடுத்த கட்டைக்கு இறங்கினார். அதிலும் இலையை வாரினார். அங்கம்மா கோணிப்பையைச் சேற்றில் எறிந்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனாள். "நாசமாப் போங்க! நீங்களும் ஒங்க ரோடும்!" நான் அவர் பின்னாலேயே போனேன்.

"ஏண்ணே?"

அவர் நிமிரவில்லை. கையால் வாய்க்காலின் அடியைத் தடவி, மாட்டியிருந்த ஒரு குச்சியை உருவினார்.

"நடத்தித்தானே கூட்டிக்கிட்டுப் போவாங்க. பாத அறுந்து கெடந்தா செவல கால மடக்கிரும். அடிச்சு எழுப்புவானுங்க."

கடைசிக் கட்டை வரைக்கும் போய்ச் சுத்தம் செய்துவிட்டுத்தான் திரும்பினார். அன்று இரவு அவர் மாடுகளோடு பேசுவது எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பெரிய ரோட்டில் லாரி வந்து நின்றதால் மாடுகளை யாரும் நடத்திக் கூட்டிப்போகவில்லை. டிராக்டரின் பின்வண்டியில் இரண்டையும் ஏற்றிக் கட்டி, அர்ச்சுனன் மேட்டில் இறக்கிக்கொண்டு போனான். வண்டி எங்கும் நிற்கவில்லை. அப்போது காளியப்பன் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்றுகொண்டிருந்தார். பாதை வேலை ஆட்களின் பேரை வாசித்தபோது அவர் பேரும் வந்தது. "ஐயா," என்றார். என்னிடம் வந்து மண்வெட்டி வாங்கிக்கொண்டு போனார்.